பாரடைஸ் என்றோர் ஊர் இருந்தது

நாஷ்வில் நகரிலிருந்து 431ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே சென்றால், டென்னசி எல்லையைத் தாண்டி, ரஸல்வில், லூயிஸ்பர்க் ஊர்கள் வழியாகக் கென்டக்கி மாநிலத்தின் மியூலன்பர்க் கவுண்டிக்குள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நுழைந்துவிடலாம். விரைவுச்சாலையும் இருக்கிறது. ஆனால் சென்ற அக்டோபரில் நான் பழைய சாலையிலேயே போனேன். ஜான் பிரைன் என்ற பாடகரின் முதல் ஆல்பத்தை வழியில் இரண்டு முறையாவது முழுமையாகக் கேட்டுவிட்டு, அதில் வரும் ஓர் ஊரின் இடத்தில் போய் நிற்க வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம்.

1971இல் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட அந்த ஆல்பத்துக்குப் பாடகரின் பெயரே பெயர். பிரைன் சிகாகோவை ஒட்டிய மேவுட் என்னும் ஊரில் பிறந்தவர். தபால்காரராக வேலை பார்த்தவர். தெருத்தெருவாகக் கடிதம் போட்டுக்கொண்டே மனத்துக்குள் பாட்டுக் கட்டியவர். 1970இல் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு சிறிய அரங்கில் அவரைக் கேட்டுவிட்டுச் சிகாகோ நாளிதழில் எழுதினார். அடுத்த ஆண்டு பாடகர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் கேட்டார்; பிறகு நியூயார்க் மேடை; மறுநாளே ஒப்பந்தம். ஆல்பத்தின் உறையில் பிரைன் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருப்பார். புறநகரில் வளர்ந்த மனிதரை நாட்டுப்புறத்து இளைஞராகக் காட்ட யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்த வேடம் தேவையே இல்லை, ஏனென்றால் அவருடைய பெற்றோர் உண்மையிலேயே இந்த மியூலன்பர்க் மண்ணிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே போனவர்கள்.

ஆல்பத்தில் 13 பாடல்கள். அவற்றில் 12 பாடல்கள் மெம்பிஸ் நகரின் அமெரிக்கன் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில், ஆரிஃப் மார்டின் தயாரிப்பில் பதிவாயின. 1969இல் எல்விஸ் பிரெஸ்லிக்கு அங்கே வாசித்த அதே கலைஞர்கள்தான் பிரைனுக்கும் வாசித்தார்கள். திறமைசாலிகள்தான், ஆனாலும் சில இடங்களில் அவர்களுடைய டிரம்ஸ் பாட்டின் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு போவதாகவே எனக்குப் படுகிறது. வியட்நாமிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பும் சிப்பாயைப் பற்றிய ‘சாம் ஸ்டோன்’ பாட்டில் மட்டும் ஆர்கன் தேவாலயத்து இரங்கல் பிரார்த்தனைபோல் பின்னால் நின்று, அந்தக் கதையின் குரூரத்தைக் கூட்டுகிறது. முதுமையின் தனிமையைச் சொல்லும் ‘ஹலோ இன் தேர்’, நடுவயதுப் பெண்ணின் குரலில் வரும் ‘ஏஞ்சல் ஃப்ரம் மாண்ட்கோமெரி’ இரண்டையும் தபால் பை சுமந்துகொண்டிருந்த இருபது சொச்சம் வயது இளைஞர் எழுதினார் என்பதை இன்றும் என்னால் எளிதில் நம்ப முடிவதில்லை.

எஞ்சிய ஒரு பாடல் ‘பாரடைஸ்’. அது நியூயார்க்கில் பதிவானது. மெம்பிஸ் கலைஞர்கள் யாரும் அதில் இல்லை. நண்பர் ஸ்டீவ் குட்மன் கிட்டாரும், அண்ணன் டேவ் ஃபிடிலும் வாசித்தார்கள். மூன்று தாளக் கட்டில் அசையும் எளிய மெட்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்த மாதிரி. ஆல்பத்தை வரிசையாகக் கேட்டு வரும்போது இந்தப் பாட்டு வந்ததும் அறையின் ஜன்னல் ஒன்று திறந்துகொண்டதுபோல் இருக்கும்.

டிரேக்ஸ்பரோ என்ற சிற்றூரில் முதலில் வண்டியை நிறுத்தினேன். இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு கிட்டார் வாசிப்பு உண்டு. கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறி மாறித் தாளத்தைக் கொட்டிக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் மெல்லிய தந்திகளில் பாட்டின் மெட்டை எடுக்கும். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதாகவே தோன்றும். அதை உலகறியச் செய்த மெர்ல் டிராவிஸ் இந்தக் கவுண்டிக்காரர். அவருக்கும், அவருக்கு முன்னோடிகளான மோஸ் ரேகர், ஐக் எவர்லி, கென்னடி ஜோன்ஸ் ஆகியோருக்கும் சேர்த்து இங்கே ஒரு நீரூற்று நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். பதினான்கு வயதில் பிரைன் அண்ணன் டேவிடம் கிட்டார் கற்றார். ஆல்பம் முழுக்க அவருடைய கட்டைவிரல் ஓயாமல் நடப்பதைக் கேட்கலாம்.

அங்கிருந்து 176ஆம் எண் சாலை கிழக்கே கிரீன் நதியை நோக்கிச் செல்கிறது. இருபுறமும் புல்வெளி, குட்டைகள், ஒரே உயரத்தில் வளர்ந்த மரங்கள். திறந்தவெளிச் சுரங்கத்துக்காகத் தோண்டிய நிலத்தை மீண்டும் மூடினால் இப்படித்தான் ஆகும்போலும். மேடுகள் இயற்கையான மேடுகளாகத் தெரியவில்லை. இந்தச் சாலையின் முடிவில் ஆற்றங்கரையில் இருந்த சிற்றூர்தான் பாரடைஸ். பீபாடி நிறுவனம் சுற்றியிருந்த நிலத்தில் நிலக்கரியை வாரியது. 1963இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அரசு மின்நிறுவனத்தின் அனல்மின் நிலையம் ஊருக்குப் பக்கத்திலேயே இயங்கத் தொடங்க, சாம்பல் வீடுகளின் மேல் படிந்தது. 1967இல் ஆணையம் எஞ்சிய வீடுகளை விலைக்கு வாங்கி இடித்துவிட்டது. பிரைன் அப்போது ராணுவத்தில், ஜெர்மனியில் இருந்தார். அப்பா அனுப்பிய செய்தித்தாள் நறுக்கிலிருந்துதான் பாட்டு பிறந்தது. பாட்டில் குற்றவாளி பீபாடி மட்டுமே. அந்த நிறுவனம் மறுத்து ஒரு பிரசுரமே வெளியிட்டது. வரலாற்றைப் பார்த்தால் அதன் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் ஆணையத்தின் பெயரை வைத்துக்கொண்டு யாரால் பல்லவி கட்ட முடியும்?

நான் போனபோது அந்த அனல்மின் நிலையமும் இல்லை. கடைசி நிலக்கரி அலகு 2020 பிப்ரவரியில் நின்றது. மூன்று பெரிய குளிர்விப்புக் கோபுரங்களையும் 2022 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். எரிவாயுவில் இயங்கும் புதிய நிலையம் ஒன்று அடக்கமாக நிற்கிறது. பாட்டில் வரும் ராட்சத மண்வாரி இயந்திரமும் அது தோண்டிய குழியிலேயே புதையுண்டு கிடக்கிறது என்கிறார்கள். மேட்டின் மேல் பழைய இடுகாடு மட்டும் மிச்சம். சில கற்களில் எழுத்து முழுதாகத் தேய்ந்துவிட்டது. விரலால் தடவித்தான் ஓர் ஆண்டைப் படித்தேன்.

பிரைன் பின்னாளில் சொன்ன ஒரு நிகழ்ச்சி அங்கே நினைவுக்கு வந்தது. பாட்டுப் பதிவான நாடாவை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது, அப்பா எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, கடையில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் ஓடுவதாக நினைத்துக் கேட்டுப் பார்த்தேன் என்றாராம். ஆல்பம் கடைக்கு வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

கடைசியாக ராசெஸ்டர் அணைக்குப் போனேன். தன் சாம்பலைக் கிரீன் நதியில் கரைக்க வேண்டும் என்று பாட்டிலேயே கேட்டிருந்தார் பிரைன். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்குப் பலியானபின் அவருடைய சாம்பலில் ஒரு பாதி இந்த ஆற்றில்தான் கலந்தது. அணையிலிருந்து பாரடைஸ் ஐந்து மைல் என்பது பாட்டின் கணக்கு. என் காரின் மீட்டர் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் காட்டியது, ஏனென்றால் சாலை டிரேக்ஸ்பரோ வரை திரும்பிப் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது. வரைபடத்தை விரித்து இரண்டு இடங்களுக்கும் நேர்கோடு போட்டுப் பார்த்தேன்; கிட்டத்தட்டச் சரியாகவே வந்தது. அவர் சொன்னது சாலைக் கணக்கு அல்ல, விடுமுறைக்கு வந்து ஆற்றோடு திரிந்த பையனின் கணக்கு.