உம் எல் ஃபரூதுக்குப் போகும் வழி

செப்டம்பர் 21, சனி

ஒன்பது நாள் விடுப்பு கிடைத்துவிட்டது. நர்ஸ் வேலைக்காக மால்டாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். இதுவரை அறுபத்துமூன்று முறை இறங்கியிருக்கிறேன். எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள்: உம் எல் ஃபரூத். அதை மட்டும் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஆழம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அப்பா. அதை அப்புறம் எழுதுகிறேன். இந்த விடுப்பு முடிவதற்குள் அதில் இறங்கிவிட வேண்டும்.

இன்று இந்த நாட்டின் சுதந்திர தினம். சிர்கெவ்வா துறையில் கோசோ தீவுக்குப் போகும் கப்பலுக்கு நீண்ட வரிசை. கடலில் 25 நிமிடம். அந்தப் பக்கம் இறங்கியதும் வழிகாட்டி வேனோடு நின்றிருந்தார். கோசோக்காரர், அறுபதைத் தொடும் வயது. முப்பது வருடமாக இதே வேலை. சிலிண்டரைத் தூக்க உதவப் போனால், "உங்கள் முதுகைக் காப்பாற்றி வையுங்கள், நாளைக்குப் படிக்கட்டு இருக்கிறது" என்றார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

படிக்கட்டு என்று அவர் சொன்னது கோசோவின் துவேய்ரா கடற்கரையில் இருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சிலிண்டர், ஈயக்கட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கூரான சுண்ணாம்புப் பாறைமேல் இறங்க வேண்டும். தண்ணீரைத் தொடும்போது சட்டைக்குள் குளித்த மாதிரி வியர்வை. ஆனால் அந்த முதல் மூழ்கலில் எல்லாம் போய்விடுகிறது.

ப்ளூ ஹோல் என்பது பாறைக்குள் இயற்கையே வெட்டிவைத்த கிணறு. சுமார் 10 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம். எட்டு மீட்டருக்குக் கீழே கடல் பக்கம் ஒரு பெரிய வளைவு திறந்திருக்கிறது. கிணற்றுக்குள் வெளிர்பச்சை, வளைவுக்கு அந்தப் பக்கம் கரு நீலம். நிலைப்படியைத் தாண்டுவது போல ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குப் போகிறோம். இந்தத் தீவுகளில் ஓடும் ஆறு கிடையாது. மண்ணைக் கொண்டுவந்து கொட்ட எதுவும் இல்லாததால் தண்ணீர் இத்தனை தெளிவு. இன்று முப்பது மீட்டர் தள்ளிப் போன ஒருவரின் காலில் மாட்டிய ஃபின் நிறத்தைக்கூடச் சொல்ல முடிந்தது.

வெளியே வந்தவுடன் இடதா வலதா என்று திரும்பிப் பார்க்கிறேன், எதிரே வீடு அளவுக்குப் பாறைகள். அஸூர் விண்டோ. கோசோவின் படம் என்றால் எல்லோரும் காட்டிய அந்தக் கல் ஜன்னல், 2017 மார்ச் 8ஆம் தேதி காலை புயலில் இடிந்து விழுந்தது. நான் மால்டாவுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது. மேலே நின்று பார்த்தால் அங்கே வெறும் வானம்தான். கீழே வந்தால்தான் முழுவதும் இருக்கிறது. ஒரு பெரும் துண்டின் உடைந்த முகத்தில் கையகலத்துக்கு மட்டும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மங்கிய பழுப்புப் பாசி, அதன் நடுவில் குங்குமச் சிவப்பில் ஒரு கடற்பஞ்சு, அதன் ஓரத்தில் அரிசி மணி அளவில் ஏதோ ஒரு நத்தை. விழுந்தபோது இது வெள்ளை வெளேரென்று இருந்ததாம். வழிகாட்டி செய்தி கேட்ட அன்றே ஓடிவந்து கரையில் நின்று அழுதவர். "இப்போது இதை நான் விருந்தாளிகளுக்குக் காட்டுகிறேன்" என்றார் மேலே வந்தபின். வேறொன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

இன்லண்ட் சீ. துவேய்ராவிலேயே, பாறைக்கு உள்பக்கம் ஒரு சிறு குளம் மாதிரி கடல். மலையைக் குடைந்த சுரங்கம் ஒன்று, ஏறக்குறைய 80 மீட்டர், அதைத் திறந்த கடலோடு சேர்க்கிறது. மேலே சுற்றுலாப் படகுகள் போய்வந்துகொண்டே இருக்கும். அதனால் சுவரை ஒட்டி, தரையோடு தரையாகப் போக வேண்டும். பாதியில் மேலெழும்பினால் படகின் ப்ரொப்பல்லருக்குக் கீழே தலை இருக்கும். ஆரம்பத்தில் சில மீட்டர் ஆழம்தான். போகப்போகத் தரை இறங்கி, வெளிவாசலில் 25 மீட்டரைத் தாண்டிவிடுகிறது.

இருட்டில் நடுவழியில் நின்று முன்னே பார்த்தேன். சுரங்கத்தின் வாய் முழுக்க ஒரே நீலம், மேலிருந்து கீழ்வரை ஒரு கீற்று. கோயில் கருவறையிலிருந்து வாசலைத் திரும்பிப் பார்ப்பது போல் இருந்தது.

சுவர் இடுக்கில் விரல் நீளச் சிவப்பு மீன்கள் கூட்டமாக நின்றன. கார்டினல் மீன். இவற்றில் முட்டைகளைச் சுமப்பது ஆண். குஞ்சு பொரியும்வரை வாயிலேயே வைத்துக் காக்கும். ஒவ்வொன்றின் தாடையையும் டார்ச்சில் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றுக்கு மட்டும் தொண்டை கொஞ்சம் உப்பியிருந்தது. முட்டைதானா என்று பார்ப்பதற்குள் இடுக்குக்குள் போய்விட்டது.

செப்டம்பர் 24, செவ்வாய்

வடமேற்குக் காற்று. கடல் கரையை அடித்துக்கொண்டிருக்கிறது, இறங்க வழியில்லை. துணி துவைத்தேன். கரையில் காய்ந்த கடற்புல் மேடு மேடாக ஒதுங்கிக் கிடந்தது. பாசி என்று நினைத்து முகம் சுளித்துப் போகிறார்கள். பொசிடோனியா பாசி இல்லை. பூத்துக் காய்க்கும் தாவரம். மத்தியதரைக் கடலுக்கே உரியது. மீன்குஞ்சுகள் வளர்வது அந்தப் புல்வெளியில்தான். நங்கூரம் போட்டு அதைக் கிழிக்கும் படகைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

செப்டம்பர் 25, புதன்

ஷத் லஹ்மர், கோசோவின் தென்கரை. மூன்று கப்பல்கள் இங்கே இருக்கின்றன: 1999இல் மூழ்கடித்த ஷ்லெண்டி தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கிறது. கொமினோலேண்டும் கார்வெலாவும் 2006 ஆகஸ்டில் இறக்கப்பட்டவை, நிமிர்ந்து நிற்கின்றன. மூன்றுமே டைவர்களுக்காகவும் மீன்களுக்காகவும் வேண்டுமென்றே மூழ்கடித்தவை. எண்ணெயை வடித்து, கதவுகளைக் கழற்றி, வெளிச்சம் வர ஓட்டைகள் போட்டு, அப்புறம்தான் கடலுக்குள் விடுவார்கள்.

நாங்கள் போனது கார்வெலா. பயணிகள் கப்பலாக இருந்தது, உள்ளே ஒரு படிக்கட்டு உண்டு. அதன் மேலே நின்று பார்த்தால் ஜன்னல் வழியாக ஒளி சரிந்து படிகளில் விழுகிறது. இனிமேல் காலடி படாத படிகள். அதன்மேல் மிதந்து இறங்கினேன்.

ஏறும்போதுதான் தொந்தரவு. இடது காதில் அழுத்தம் பிடித்துக்கொண்டது. இரண்டு மீட்டர் திரும்ப இறங்கி, தாடையை அசைத்து, மெதுவாக மெதுவாக மேலே வந்தேன். இரண்டு நாளாக லேசான சளி. இறங்கியிருக்கக் கூடாது. நோயாளிகளுக்கு மட்டும் அறிவுரை சொல்கிறேன், என் விஷயத்தில் ஆசை ஜெயித்துவிட்டது.

செப்டம்பர் 26, வியாழன்

ஓய்வு. சளி மாத்திரை போட்டு இறங்கலாமே என்று விடுதியில் ஒருவர் யோசனை சொன்னார். கூடாது. மாத்திரையின் வேகம் தண்ணீருக்கடியில் தீர்ந்தால், காதுக்குள் இருக்கும் காற்று ஏறும்போது வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். ஆவி பிடித்தேன், தூங்கினேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

காது பரவாயில்லை. இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம்.

அப்பாவைப் பற்றி எழுதிவிடுகிறேன். அப்பா கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டர். முப்பத்தோரு வருடம். எண்ணெய்க் கப்பலின் டேங்குக்குள் இறங்கிப் பற்றவைப்பது அவர் வேலை. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குதான் ஆபத்து. எண்ணெய் போன பிறகு அதன் ஆவி காற்றோடு கலந்து நிற்கும், ஒரு பொறி போதும். வாயு இல்லை என்று சோதித்துக் கையெழுத்துப் போட்ட தாள் கைக்கு வரும்வரை அப்பா இறங்கமாட்டார். அந்தத் தாளுக்காகச் சண்டை போட்டு ஒருநாள் கூலியை இழந்த கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டுக்கு வந்தால் துருவும் டீசலும் கலந்த வாசனை வாசலுக்கு முன்னால் வரும். அது வந்தபிறகுதான் அம்மா உலை வைப்பாள்.

உம் எல் ஃபரூத் ஒரு லிபிய எண்ணெய்க் கப்பல். 1995 பிப்ரவரியில் மால்டாவின் உலர்துறையில் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது அதன் டேங்கில் வெடிப்பு. துறைத் தொழிலாளர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள்.

செப்டம்பர் 28, சனி

மால்டாவுக்குத் திரும்பியாயிற்று. காதைச் சோதிக்க ஆழமில்லாத இடம்: வலெட்டா ஓரம், எச்.எம்.எஸ். மவோரி. 14 மீட்டர்தான். 1941இல் ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க் மூழ்கியபோது அதன் மாலுமிகள் சிலரைத் தண்ணீரிலிருந்து தூக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் இது. அடுத்த வருடம் பிப்ரவரி 12ஆம் தேதி பக்கத்துக் கிராண்ட் ஹார்பர் துறைமுகத்தில் நின்றிருந்தபோது குண்டு விழுந்து மூழ்கியது. பின்னால் அதை மிதக்கவைத்து இங்கே கொண்டுவந்து மூழ்கடித்தார்கள். இப்போது பாதி மணலுக்குள். ஒரு பேய்க்கணவாய் இரும்பு வளையத்துக்குள் குடியிருந்தது. வாசலில் காலி சிப்பிகளை அடுக்கிவைத்திருந்தது. காது இரண்டும் சுகம். நாளைக்கு.

செப்டம்பர் 29, ஞாயிறு

வீத் இஸ் சுரியக். உம் எல் ஃபரூத் கிடப்பது இங்கேதான். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய கால்வாய் மாதிரி இடம். ப்ளூ க்ரோட்டோ குகைக்குப் போகும் படகுகள் கிளம்புவதும் இதே துறைதான். எட்டு மணிக்கு முன்பே இறங்கிவிட்டோம். சிலிண்டரில் நைட்ராக்ஸ் 32 (32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள காற்று), ஆழ எல்லை 30 மீட்டர், மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்வது, டேங்குகளுக்குள் போவதில்லை. கடைசி நிபந்தனை என்னுடையது. வழிகாட்டி ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய பெரியப்பா அந்த உலர்துறையில் வேலை பார்த்தவர்.

கரையிலிருந்து 150 மீட்டர் போல நீந்தினால் நீலத்துக்குள் ஒரு நிழல் தடிக்கிறது. முதலில் பாறை என்றே நினைத்தேன். கிட்டப் போகப் போக அதற்கு விளிம்பு வந்தது, கைப்பிடிக் கம்பி வந்தது. 110 மீட்டர் நீளக் கப்பல். 1998 செப்டம்பர் 2ஆம் தேதி இங்கே இறக்கினார்கள். 36 மீட்டரில் மணல்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. 2005-06 குளிர்காலப் புயலில் இரண்டாக உடைந்துபோனது. இத்தனை பெரிய இரும்பைக் கடல் உடைத்திருக்கிறது என்பதை உடைந்த இடத்தைப் பார்த்த பிறகுதான் நம்ப முடிந்தது.

25 மீட்டரில் மேல்தளம். அங்கே சிவப்பு நிறமே கிடையாது. தண்ணீர் அதை விழுங்கிவிடுகிறது. டார்ச் அடித்தேன். சாம்பல் நிறத் தகடு சட்டென்று செங்கல் நிறத் துருவாக மாறியது. இரண்டு தகடுகள் சேருமிடத்தில் ஒரு பற்றவைப்புக் கோடு. மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே சீராக. அப்பா இதைத்தான் நல்ல கை என்பார். யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கை நடுங்காமல் இழுத்தது. கையுறையோடு அதன்மேல் விரல் வைத்தேன். தண்ணீருக்கடியில் வாசனை கிடையாது. முகமூடிக்குள் ரப்பர் வாடை மட்டும்தான்.

இறந்தவர்களுக்கான நினைவுப் பட்டயம் கப்பலின் மேல்கட்டுமானத்தில் இருக்கிறது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். சீலா மீன் கூட்டம் ஒன்று தலைக்குமேல் வட்டமடித்தது. அப்போது டிங், டிங் என்று சத்தம். தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்கு வேகத்தில் வருவதால் எந்தப் பக்கம் என்று தெரியாது. சுற்றிப் பார்த்தால் வழிகாட்டி என் பின்னாலேயே சிலிண்டரைக் கொக்கியால் தட்டிக்கொண்டிருந்தார். காற்று எவ்வளவு என்று சைகையில் கேட்டார். நூறு பார் அழுத்தம் பாக்கி. கிளம்பிவிட்டோம். மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றபோது கப்பல் மறுபடி வெறும் நிழலாக இருந்தது.

இரவு, அதே நாள்

அப்பாவுக்குப் போன் போட்டேன். சொன்னேன்.

"எத்தனை பேரும்மா?"

"ஒன்பது பேர்ப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் அம்மா டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"டேங்குக்குள்ள போனியா?"

"இல்லப்பா."

"நல்லது. பேச முடியாதே, அடியில ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிடுவீங்க?"

சிலிண்டரைத் தட்டுவோம் என்றேன்.

"எங்களுக்கும் அதான்" என்றார். "மேன்ஹோல்ல ஒரு ஆள் நிப்பான். அப்பப்ப சுத்தியலால தகட்டுல ரெண்டு தட்டு தட்டுவான். நான் உள்ளேருந்து ரெண்டு தட்டுவேன். வெல்டிங் நடுவுல இருந்தாலும் நிறுத்திட்டுத் தட்டணும். நீ தட்டினியா?"

"கை காட்டினேன்பா."

"தட்டிடும்மா. அடுத்த தடவை தட்டிடு."