பர்மாவில் பணம் செல்லாமல் போனபோது ஜனங்கள் என்ன செய்தார்கள்

2016 நவம்பரில் கடலூர் வங்கி வாசல்களில் கால்கடுக்க நின்றோம். ஆனாலும் பழைய தாளைக் கொடுத்துப் புதியது வாங்க வழி இருந்தது. 1987 செப்டம்பர் 5 அன்று பர்மாவில், ராணுவத் தளபதியாக இருந்து ஆட்சியைப் பிடித்த நே வின்னின் அரசு 25, 35, 75 கியாட் (அந்நாட்டு நாணயம்) தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது மாற்றிக்கொள்ள அவகாசமே தரவில்லை. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் அன்றே போயிற்று. அதற்குச் சில நாள் முன்னால்தான் நெல், அரிசி வியாபாரத்துக்கு இருந்த தடையை அதே அரசு நீக்கியிருந்தது. கொள்முதலுக்கு ரொக்கம் சேர்த்து வைத்தவன் கதி என்ன ஆகும்? இதை வெறும் நிர்வாகக் கோளாறு என்று என்னால் சொல்ல முடியாது.

பதிலுக்கு வந்தவை 45, 90 கியாட் தாள்கள். இரண்டும் ஒன்பதால் வகுபடும்; ஒன்பது நே வின்னுக்கு ராசியான எண்ணாம். 90 கொடுத்து 52 கியாட்டுக்குச் சாமான் வாங்கினால் மீதி 38. அதற்கு 15 இரண்டு, 5 ஒன்று, 1 மூன்று என ஆறு தாள் எண்ணித் தர வேண்டும்.

முதலில் வெளியே வந்தவர்கள் ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள். கல்லூரிகளை அரசு மூடியது. மற்ற ஜனங்கள் சத்தமில்லாமல் தாளைக் கைகழுவினார்கள். 1964-ல் 50, 100 கியாட் தாள்கள் செல்லாமல் போனதையும், அதே ஆண்டு கடைகள் அரசுடைமையானதையும் அவர்கள் மறக்கவில்லை. நம்மவர் பலர் அப்போதுதான் கடையை இழந்து கப்பலேறினார்கள். 1985-லும் ஒருமுறை அடி விழுந்தது. அதனால் கையில் காசு வந்த உடனே தங்கம். அங்கே தங்கத்தின் எடைக்கணக்கு திக்கல். ஒரு திக்கல் ஏறக்குறைய நம் இரண்டு பவுன். அதற்கு வசதியில்லாதவர் அரிசி, எண்ணெய் வாங்கி அடுக்கினார். அரிசியில் வண்டு விழும், ஈரம் ஏறினால் பூசணம் பிடிக்கும். நெல்லாக வைத்தால் கூடுதல் நாள் தாங்கும். ஆனால் ஆளாளுக்குப் பதுக்கினால் விலை ஏறும், அன்றாடங்காய்ச்சி பட்டினி கிடப்பான். 1988 ஆகஸ்ட் 8 அன்று தெருவுக்கு வந்த கூட்டத்தில் அந்தப் பசியும் இருந்தது.

2021-ல் வந்த ராணுவ ஆட்சியிலும் அதே அவநம்பிக்கைதான். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் சம்பளத்தில் 25 சதவீதத்தை வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று 2023 செப்டம்பரில் உத்தரவு வந்தது. அப்போது ஒரு டாலருக்கு அரசு விகிதம் 2,100 கியாட், வெளிச்சந்தையில் 3,000-க்கு மேல். அரசு விகிதத்தில் மாற்றினால் 100 டாலருக்கு 90,000 கியாட்டுக்கு மேல் நஷ்டம்.

வெளிநாட்டுப் பிழைப்பு பழகிய லால்பேட்டை, பரங்கிப்பேட்டைக்காரர்களுக்கு உண்டியலை, அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் முறையை, விளக்க வேண்டியதில்லை. பாங்காக்கில் ஏஜென்டிடம் தாய்லாந்துப் பணமான பாத் கொடுத்தால், அவர் ஒரு போன் போட்டதும் ஊரில் இன்னொருவர் வீட்டுக்கே கியாட் கொண்டுவந்து தருவார். பணம் எல்லை தாண்டாது. இருவரும் பிறகு கணக்கை நேர் செய்துகொள்வார்கள். ரசீது கிடையாது, ஏஜென்ட் ஓடிவிட்டால் கேட்க நாதியில்லை. ராணுவம் பிடித்தால் வங்கிக் கணக்கும் முடங்கும். இவ்வளவு தெரிந்தும் குடும்பங்கள் உண்டியலை விடவில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம்.