ஷெட்டுல கிடந்த ஹெரால்டு: எடுக்கலாமா வேணாமானு பார்த்த கதை

பழைய கார் ஒண்ணு எடுத்து வீட்டுலயே வச்சு ரெஸ்டோர் பண்ணணும்னு ஆசைப்படுறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது "என்ஜின் ஓடுதா?"ங்கறதுதான். என்னைக் கேட்டா அத கடைசியா கேட்டா போதும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி வண்டிக்கு சேஸி (பாடிக்கு அடியில இருக்கற இரும்புச் சட்டம்) எப்படி இருக்கு, எந்தெந்த சாமான் காணாம போயிருக்கு, ஆர்சி புக் யார் பேர்ல இருக்கு, இந்த மூணுதான் மேட்டர். மத்ததெல்லாம் காசும் பொறுமையும் இருந்தா ஆகிடும்.

நான் பாக்கப் போன ஹெரால்டு மதுராந்தகம் பக்கம் ஒரு பழைய அரிசி மில்லுக்குப் பின்னாடி தகர ஷெட்டுல நின்னுச்சு. 1969 மாடல், மார்க் 3, நாலு கதவு. ஓனர் தவறிட்டார், அவர் பையன்தான் விக்கறார். தெரிஞ்சவர் மூலமா தகவல் வந்ததும் அந்தக் காலத்துல ஹெரால்டுலயே கை பழகின ஒரு மெக்கானிக் அண்ணனையும் கூட்டிட்டுத்தான் போனேன். டார்ச், ஜாக்கி, ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், துணி சுத்தின காந்தம், கீழ விரிச்சுப் படுக்க ஒரு தார்பாய், இவ்ளோதான் சாமான். அண்ணன் ஷெட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே சொன்னது, "தம்பி பெயிண்ட பாக்காதீங்க, கீழ படுங்க."

ஏன் கீழ படுக்கணும்னா ஹெரால்டு தனி சேஸி வண்டி. 1959ல இங்கிலாந்துல டிரையம்ஃப் ஹெரால்டா வந்தப்ப மத்த கம்பெனிங்க பாடியும் சேஸியும் ஒண்ணா சேர்ந்த டிசைனுக்கு மாறிட்டு இருந்தாங்க, இவங்களுக்கு முழு பாடிய அடிச்சுக் குடுக்க ஆள் கிடைக்கல, அதனால தனித்தனி துண்டா பண்ணி போல்ட் போட்டு சேஸி மேல உக்கார வச்சாங்க. டிசைன் மிக்கெலாட்டினு ஒரு இத்தாலிக்காரர். 1961ல இருந்து நம்ம வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஃபேக்டரியில இதைத்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டுனு செஞ்சாங்க. வீட்டுல வேலை பாக்கறவனுக்கு இது பெரிய வரம், பாடிய போல்ட் கழட்டி தூக்கி ஓரமா வச்சிடலாம். ஆனா சேஸி போச்சுன்னா வண்டியே போச்சு, மேல எவ்ளோ பளபளப்பா இருந்தாலும் சரி.

சேஸில நடுவுல ஓடுற ரெண்டு மெயின் சட்டம் பெரும்பாலும் தப்பிச்சிடும், அது மேல என்ஜின் ஆயில் கசிஞ்சு கசிஞ்சே காப்பாத்தி வச்சிருக்கும். அரிக்கறது அதுல இருந்து பக்கவாட்டுல நீளுற கைங்கதான், அவுட்ரிக்கர்ம்பாங்க, பாடியோட ஓரம் அது மேலதான் உக்காருது. மண்ணும் ஈரமும் அங்கதான் தேங்கும். ஸ்க்ரூ டிரைவரோட கைப்பிடியால தட்டிக்கிட்டே வந்தேன், நல்ல இரும்பு டங்குனு சொல்லும், போன இடம் டொப்புனு அமுங்கின சத்தம் வரும். டிரைவர் பக்கம் பின் கை கிட்ட சத்தம் மாறுச்சு, முனைய வச்சு லேசா அழுத்தினதுக்கே உள்ள போயிடுச்சு, செதில் செதிலா கொட்டுச்சு. பக்கத்துல யாரோ ஒரு காலத்துல தகடு வச்சு வெல்டிங் அடிச்சு மேல தார் பூசி மறைச்சிருந்தாங்க. இந்த மாதிரி தார் பூச்சு எங்க பாத்தாலும் சொரண்டி பாத்துடணும், கூச்சப்படவே கூடாது, ஓனர் முகம் சுளிச்சாலும் பரவால்ல.

மெயின் சட்டம் நேரா இருக்கானு கதவு இடைவெளிய வச்சே ஓரளவு கண்டுபிடிச்சிடலாம். கதவ சாத்திட்டு மேல இருக்கற கேப்பும் கீழ இருக்கற கேப்பும் ஒரே அளவா, திறக்கும்போது கதவு தொங்குதா, அவ்ளோதான். இதுல முன் கதவு ரெண்டும் ஒழுங்கா சாத்துச்சு, பின் கதவு ஒண்ணு மட்டும் லேசா உரசுது, அது அந்த அரிச்ச கை இருக்கற பக்கமேதான், அதனால காரணம் புரிஞ்சுது. காந்தத்த வச்சு ஓட்டினப்ப பின் சக்கர வளைவுல ரெண்டு பக்கமும் ஒட்டவே இல்ல. மேல தகடு இல்ல, முழுக்க பட்டி பூசி மறைச்சது. நான் எதிர்பார்த்ததுதான், டிங்கர் வேலை எப்படியும் உண்டு.

அடுத்தது முன் சக்கரம். ஹெரால்டு பானெட்டு மொத்த மூஞ்சியும் சேர்ந்து முன்னாடி கவுந்து திறக்கும், டயர் மேல உக்காந்துகிட்டே வேலை பாக்கலாம், இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த வண்டிய காதலிக்கறவங்க இருக்காங்க. அப்படி திறந்து வச்சுட்டு கீழ பாத்தா ஸ்டியரிங்குக்கு ஏத்த மாதிரி திரும்புற செங்குத்து ராடு அடியில ஒரு பித்தளைக் கட்டிக்குள்ள மரை போட்டு இறங்கும், ட்ரன்னியன்னு பேரு. அதுக்கு கியர் ஆயில்தான் விடணும். நம்ம ஊர்ல எல்லாரும் கிரீஸ் கன்ன வச்சு அமுக்கிட்டாங்க, கிரீஸ் காஞ்சு கெட்டியாயி தண்ணி உள்ள தங்கி ராடு துருப்பிடிச்சு ஒருநாள் வண்டிய ஒடிச்சு திருப்பும்போது சக்கரம் படுத்துடும். அண்ணன் அவர் கண்ணால பாத்திருக்காராம். ஜாக்கி போட்டு சக்கரத்த மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினோம், இடது பக்கம் நல்லாவே ஆட்டம். வெளிய இருந்து இவ்ளோதான் தெரியும், உள்ள மரை எப்படினு கழட்டினாதான் தெரியும், அதனால ரெண்டு பக்கமும் புதுசுனே கணக்கு போட்டுக்கிட்டேன்.

பின்னாடி ஜாக்கி போட்டு தூக்கும்போது ரெண்டு சக்கரமும் உள்பக்கமா மடங்கும். உடைஞ்சிடுச்சுனு யாரும் பயப்பட வேணாம், அது ஸ்விங் ஆக்ஸில், ஒவ்வொரு சக்கரமும் அதோட ஆக்ஸிலோட சேர்ந்தே மேலயும் கீழயும் ஆடும், அப்படித்தான் பண்ணியிருக்காங்க, குறுக்க ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். வண்டி தரையில நிக்கும்போது சக்கரத்தோட மேல்பக்கம் ரொம்ப உள்ள சாஞ்சிருந்தா பட்டை தளர்ந்துடுச்சுனு அர்த்தம், இதுல தளர்ந்துதான் இருக்கு. நம்ம மெக்கானிக்குகளுக்கு இந்த அமைப்பு பிடிக்கவே இல்ல, 1972ல கெஸல்னு அடுத்த மாடல் வந்தப்ப கம்பெனியே சாதாரண ஆக்ஸிலுக்கு மாறிட்டாங்க.

என்ஜின் 948 சிசி. பேட்டரி வச்சு செல்ஃப் அடிச்சு பாத்துடலாம்னு பையன் ஆர்வமா ஓடி வந்தார், வேணாம்னு தடுத்துட்டோம். வருஷக்கணக்கா நின்ன என்ஜின அப்படி திருப்புனா ஒட்டிப்போன பிஸ்டன் ரிங்கு ஒடியும், சிலிண்டர் உள்சுவர் கீறும். பிளக்கு நாலையும் கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊற விட்டுட்டோம், அதுக்குள்ள மத்ததெல்லாம் பாத்து முடிச்சோம். அப்புறம் கிராங்க் புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு மெதுவா அசைச்சா முதல்ல கல்லு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா முழு சுத்து வந்துச்சு. ஆயில் பாக்கற டிப் ஸ்டிக்குல தண்ணி கலந்த வெள்ளை இல்ல. இந்த என்ஜினுக்குனு ஒரு டெஸ்ட் உண்டு: ஒருத்தர் கிளட்ச மிதிச்சு விட, இன்னொருத்தர் முன்னாடி நின்னு புல்லி முன்ன பின்ன நகருதானு பாக்கணும். கண்ணுக்குத் தெரியற அளவு நகர்ந்தா கிராங்க முன்ன பின்ன நகராம பிடிக்கற த்ரஸ்ட் வாஷர் தேஞ்சிருக்கு, அப்படியே ஓட்டினா அது கழண்டு அடியில இருக்கற ஆயில் சம்புல விழுந்து கிராங்கும் பிளாக்கும் சேர்ந்து காலி. இதுல நகரல. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷத்த வெளிய காட்டிக்கல, விலை பேசணுமே.

பிரேக்கு, ஒயரிங், பெட்ரோல் டேங்க், சீட்டு எல்லாம் பாக்காமலே பூஜ்யம்னு போட்டுக்கலாம். சீட்டுக்குள்ள எலி குடும்பமே நடத்தியிருக்கு.

எனக்கு ரொம்ப நேரம் எடுத்தது காணாம போன சாமான் கணக்குதான். ட்ரன்னியன், த்ரஸ்ட் வாஷர், வீல் சிலிண்டர் மாதிரி ஐட்டம் எல்லாம் டிரையம்ஃப் வண்டிக்காக இங்கிலாந்துல இன்னிக்கும் புதுசா கிடைக்குது, வரவழைச்சுக்கலாம். ஆனா நாலு கதவு ஹெரால்டு 1968ல இருந்து இங்க மட்டும்தான் வந்துச்சு, இங்கிலாந்துல அந்த கதவே கிடையாது. பின் கதவு, அதோட கண்ணாடி, ஃப்ரேம், பீடிங் இதுல எது இல்லைனாலும் சென்னைல ஸ்பேர் பார்ட்ஸ் விக்கற புதுப்பேட்டைலயும் ஜி.பி. ரோட்டுலயும் அலைஞ்சு யாராவது இன்னொரு செத்த வண்டிய உடைக்கறவரைக்கும் காத்திருக்கணும். அதனால துருப்பிடிச்ச கதவு இருக்கறது, கதவே இல்லாததுக்கு ஆயிரம் மடங்கு மேல். இந்த வண்டில நாலு கதவும் கண்ணாடியோட இருந்துச்சு, முன் கிரில் இருந்துச்சு, ஒரு டெயில் லேம்ப் கண்ணாடியும் ஹார்ன் பட்டனும் மட்டும் இல்ல. டிக்கிய கிளறினதுல ஸ்டெப்னிக்கு அடியில வீல் கப் மூணு கிடைச்சுது.

ஆர்சி மேட்டர் தனி. புக் இருக்கு, சேஸி நம்பரும் என்ஜின் நம்பரும் துடைச்சு பாத்து புக்கோட ஒத்துப் போச்சு, ஆனா பேர் இன்னும் அப்பா பேர்லயே. அப்படியே நேரா எனக்கு மாத்த முடியாது, முதல்ல வாரிசு சர்டிஃபிகேட், டெத் சர்டிஃபிகேட் வச்சு ஃபார்ம் 31ல பையன் பேருக்கு வரணும், அப்புறம்தான் 29, 30 போட்டு என் பேருக்கு. ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதி ஆகி பல வருஷம், ஃபார்ம் 25 போட்டு வண்டிய ஓட்டிக் காட்டினாதான் புதுப்பிக்க முடியும். அம்பது வருஷம் தாண்டின வண்டிக்கு 2021ல வந்த விண்டேஜ் ரூல்ஸும் இருக்கு, 20,000 ரூபா கட்டினா பத்து வருஷத்துக்கு தருவாங்க, பழைய நம்பரையே வச்சுக்கலாம், ஆனா தினமும் ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி, சர்வீஸ் இதுக்கு மட்டும்தான். எனக்கு ஞாயித்துக்கிழமை மகாபலிபுரம் வரைக்கும் போகணும், அதனால சாதாரண ரெஜிஸ்ட்ரேஷனே போதும்னு முடிவு.

வீட்டுக்கு வந்து பேப்பர்ல எழுதினப்ப, சேஸி வெல்டிங்கும் டிங்கர் வேலையும் மட்டுமே வண்டி விலைய தாண்டிடுச்சு, என்ஜின் செலவு அதுல பாதி கூட வரல. அந்த பேப்பரையே பையன் கிட்ட காட்டிதான் விலை பேசினேன், அரிச்ச இடத்த டார்ச் அடிச்சு எடுத்த போட்டோவோட. அவரும் நியாயமான ஆள், குறைச்சார். அட்வான்ஸ் மட்டும் குடுத்திருக்கேன், ஃபார்ம் 31 வேலை முடிஞ்சு புக் அவர் பேருக்கு வந்ததும் மீதிப் பணம், அன்னிக்கே ஃப்ளாட் பெட் வண்டில ஏத்திடலாம்னு பேச்சு. அதுவரைக்கும் ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் போகும்போதும் பிளக்கு ஓட்டையில கொஞ்சம் ஆயில் விட்டு கையால ஒரு சுத்து சுத்திட்டு வரேன்.