மருமகனின் எரிமலைக் கல்லும் மச்சானின் குழாய்க் கிணறும்

2024 ஆடி 12

மருமகன் சீனாவிலிருந்து ஒரு கல்லின் படம் அனுப்பியிருக்கிறான். சாம்பல் நிறம், உலக்கையை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி வைத்தது போல உருளை. நிலத்துக்கு 3000 மீற்றருக்கும் கீழேயிருந்து எடுத்ததாம். டாச்சிங் என்ற எண்ணெய் நகரத்துக்கு மேற்படிப்புக்குப் போனவன். "மாமா, இதுக்குள்ளதான் காஸ் இருக்கு" என்று கீழே எழுதியிருந்தான்.

முப்பது வருடம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். தணலாக ஓடிய குழம்பு உறைந்த பாறைக்குள் மெதேன் என்ற எரிவாயு எப்படிப் பிழைத்தது என்று கேட்டு அனுப்பினேன். பதில் இல்லை. அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.

2024 ஆடி 14

பதில் வந்தது. என் கேள்வியே பிழை. குழம்போடு வந்த வாயு அல்ல அது. டாச்சிங் இருக்கும் சொங்லியாவ் படுகையில் எரிமலைப் பாறைக்கு அடியிலும் பக்கத்திலும் நிலக்கரியும் கருஞ்சேற்றுப் பாறையும் கிடக்கின்றன. அவை ஆழத்தில் வெந்து விட்ட வாயுவின் பெரும்பகுதி பிறகு மேலே ஏறி, காலியாயிருந்த வீட்டில் குடியேறியிருக்கிறது. வீடு கட்டியவர் ஒருவர், குடியிருப்பவர் இன்னொருவர்.

டாச்சிங்கில் 1959இல் எண்ணெய் கிடைத்தது மேலேயுள்ள மணற்கல்லில். அதற்கும் கீழே, கிரித்தேசியக் காலத்து (டைனோசர்கள் வாழ்ந்த காலம்) எரிமலைப் பாறையில்தான் சூஷென் வாயு வயல். யப்பானின் நீகாத்தாவிலும் இப்படி ஒன்று, மினாமி நகவோக்கா: 1979இல் கண்டுபிடித்து 1984இல் எடுக்கத் தொடங்கினார்கள், 4000 மீற்றருக்கும் கீழே.

இவ்வளவு ஆழத்தில் ஏன் மணற்கல்லை விட்டு எரிமலைப் பாறையைத் தேடுகிறார்கள்? மணற்கல் மேற்சுமையில் நசுங்கி, மணிகளுக்கிடையிலுள்ள வெளி குறைந்துகொண்டே போகும். எரிமலைப் பாறை குழம்பு ஆறியபோதே இறுகி எலும்புக்கூடு போலாகிவிட்டது. அதன் துளைகள் அவ்வளவு எளிதாக நசுங்காது.

2024 ஆடி 15

காத்தான்குடிக் கடையில் கால் தேய்க்கும் கல் ஒன்று வாங்கினேன். நுரைக்கல் என்றால் எரிமலைக் கல்தானே. அதன் பக்கங்களை மெழுகால் அடைத்து, ஒரு முனையில் குழாய் பொருத்தி ஊதினேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம், மறுமுனையில் ஒரு குமிழி இல்லை.

"என்னகா, சங்கு ஊதிப் பழகுறீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

மருமகனிடம் சொன்னதும் சிரித்தான். கடையில் விற்பதில் பல, ஆலையில் செய்த கண்ணாடி நுரையாம். ஆனாலும் பாடம் சரி என்றான். கல் முழுக்கத் துளை இருக்கலாம். ஒரு துளைக்கும் அடுத்ததுக்கும் வாசல் இல்லாவிட்டால் காற்று போகாது. அவனுடைய கல்லிலும் குமிழித் துளைகள் பல தனித்தனியாகத்தான் கிடக்கின்றனவாம். அவற்றை இணைப்பது, குழம்பு ஆறும்போது விழுந்த வெடிப்புகளும், நிலம் அசைந்தபோது விழுந்தவையும், அமில நீர் களிக்கல் (ஃபெல்ட்ஸ்பார்) என்ற கனிமத்தைக் கரைத்துத் திறந்த சிறு வழிகளும்.

2024 ஆடி 19

காலையில் குழல் புட்டு. மாவை இறுக்கி அடைத்தால் ஆவி ஏறாது, அடி வெந்து நுனி பச்சையாக நிற்கும் என்பது மனைவிக்குப் பிரெஞ்சுப் பொறியியலாளர் டார்சியைப் படிக்காமலே தெரியும். டிஜோன் நகரத்து நீர் வழங்கலுக்காக மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டு அளந்து, 1856இல் அவர் எழுதியதும் இதுதான். அமுக்க வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும், நீளம் கூடினால் குறையும். மற்றதெல்லாம் ஊடகம் எவ்வளவு வழிவிடுகிறது என்பதில் இருக்கிறது. அதற்கு அலகாக அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். மருமகனின் கற்களில் பல ஒரு டார்சியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை.

2024 ஆடி 20

பக்கத்து வீட்டு மாமி வேலியோரம் நின்று கேட்டா: "தம்பி, நம்மட நிலத்துக்கடியில காஸ் இல்லையா?" 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற களைப்பு இன்னும் போகவில்லை.

இல்லை மாமி. மட்டக்களப்பும் அம்பாறையும் உட்கார்ந்திருப்பது விஜயன் தொகுதி என்கிற மிகப் பழைய நைசுப் பாறையில். வாயு விடுகிற நிலக்கரியோ கருஞ்சேற்றுப் பாறையோ அங்கே இல்லை. மகாஓயாவில் வெந்நீர் வருகிறதே என்றா. அதற்கு எரிமலை தேவையில்லை. மழைநீர் வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்புகிறது. மன்னார்க் கடலில் 2011இல் வாயு கண்டார்கள், அதுவும் மணற்கல்லில். மறுகா, சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும், மருமகனுடையது மெதேன். இதையும் சொல்லப் போனேன், மாமி உள்ளே போய்விட்டா.

2024 ஆடி 27

ஒரு மணி நேரம் வீடியோவில் பேசினோம். ஆய்வுகூடத்தில் குறைந்த அமுக்கத்தில் கல்லுக்குள் வாயு செலுத்தி அளந்தால், கல் தன் தகுதிக்கு மேலே வழிவிடுவது போலத் தெரியுமாம். தண்ணீர் துளையின் சுவரோடு ஒட்டி நிற்கும். வாயு மூலக்கூறுகள் வழுக்கிக்கொண்டு போகும். 1941இல் கிளிங்கன்பெர்க் சொன்ன திருத்தம் இதற்குத்தான். 3500 மீற்றர் ஆழத்தில் நீர்த்தம்பத்தின் அமுக்கமே வளிமண்டலத்தின் ஏறக்குறைய 340 மடங்கு வரும். அங்கே மூலக்கூறுகள் நெருங்கி நிற்பதால் வழுக்கல் பெரிதாக இராது. கிணற்றடிக்குக் கிட்ட வேறு வம்பு. வாயு வேகமெடுத்து முண்டியடிக்க, டார்சியின் நேர்விகிதம் அங்கே பொருந்தாது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. வாயு வெளியேற உள்ளமுக்கம் இறங்கும். மேலேயுள்ள பாறையின் பாரம் அப்படியே இருப்பதால் வெடிப்புகள் மெல்ல மூடிக்கொள்ளும். வாயுவை எடுக்க எடுக்க அது வந்த பாதையே ஒடுங்குகிறது. கல்லை நெருக்கி, பிறகு நெருக்கத்தை விட்டுப் பார்த்தானாம். பழைய அளவு முழுதாகத் திரும்பி வரவில்லை. அவசரப்பட்டு இழுத்தால் அடியிலுள்ள தண்ணீர் வேறு வெடிப்பு வழியே ஓடி வந்து வாயுவை மறித்துவிடும்.

2024 ஆவணி 4

கொக்கட்டிச்சோலை. மச்சானின் குழாய்க் கிணறு 130 அடி. களப்புக்குக் கிழக்கே எழுவான்கரையில் எங்கள் பக்கம் மணலைத் தோண்டினால் தண்ணீர். மேற்கே படுவான்கரையில் உள்ளே போகப் போகப் பாறை, வெடிப்பில் பட்டால்தான் உண்டு. இருபது பாகத்துக்கு (ஒரு பாகம் இரு கையும் விரித்த நீளம்) அப்பால் அவர் முதலில் அடித்த கிணறு வெறும் தூள்தான் கக்கியது. இது முதல் வருடம் பீறிட்டு வந்தது. இப்போது அரை மணி நேரத்தில் மோட்டார் காற்றை இழுக்கிறது.

மருமகன் சொன்னதெல்லாம் நினைவுக்கு வர, மாலை 6 மணிக்கு மோட்டாரை நிறுத்தி, இரும்புத் துண்டு கட்டிய கயிற்றால் நீர்மட்டம் அளந்தேன். நிலத்திலிருந்து 92 அடி கீழே. 6.20க்கு 71. 7 மணிக்கு 64. 10 மணிக்கு 60. விடிய 5 மணிக்கு 52. மச்சான் டோர்ச் பிடித்தார். கிணற்றில் ஏதும் விழுந்துவிட்டதா என்று வழியால் போன இருவர் நின்று கேட்டார்கள்.

2024 ஆவணி 5

முதலில் வேகமாக ஏறியது வெடிப்புத் தண்ணீர், பிறகு மெதுவாக வந்தது பாறையின் நுண்துளைத் தண்ணீர் என்று பெருமையோடு எழுதி அனுப்பினேன். "மாமா, எந்தக் கிணறும் நிறுத்தியதும் இப்படித்தான் ஏறும்" என்றான். ஆனால் அளந்த முறை சரியாம். வாயுக் கிணற்றையும் இப்படி மூடிவைத்துத்தான் அமுக்கம் ஏறுவதைப் பார்க்கிறார்கள். நேரத்தை மடக்கையில் போட்டு வரைந்தால், வெடிப்பும் பாறையும் சேர்ந்து ஊட்டுகிற இடத்தில், நடுவே ஒரு படி வைத்து இரண்டு இணைகோடுகள் விழலாம். 1963இல் வாரன், ரூட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியது அது. "முதல் 20 நிமிசத்துல எத்தனை அளவு இருக்கு?" என்று கேட்டான்.

இரண்டு.

2024 ஆவணி 8

மடக்கை வரைபுத்தாள் கேட்டு நகரத்தில் மூன்று புத்தகக் கடை ஏறினேன். ஒருவர் பஞ்சாங்கத்தை எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து அடிமட்டத்தால் நானே கோடு போட்டேன். மச்சானுக்கும் சொல்லியாயிற்று: இந்த முறை நிமிடத்துக்கு ஒரு தரம் அளக்க வேண்டும், டோர்ச்சுக்குப் புது பற்றரி வேண்டும். கோயில் தேர் முடியட்டும், அதுவரைக்கும் வீட்டில் ஆட்கள், மோட்டாரை நிறுத்த ஏலாது என்கிறார்.