எங்க ஹெச்.எம். டீச்சர் ரிட்டையர் ஆகுறாங்க

ஊர்ல பாதி பேருக்கு அவங்க டீச்சர், மீதி பேருக்கு அவங்க புள்ளைங்களோட டீச்சர். நடுநிலைப்பள்ளி ஹெச்.எம்.னா சும்மா சேர்ல உக்கார்ற வேலைன்னு நினைக்கிறவங்க ஒரு நாள் வந்து பாக்கணும், காலையில சிற்றுண்டி வந்துச்சா, உப்பு இருக்கான்னு அவங்களே ருசி பாத்து, அப்புறம் எமிஸ்ங்கிற கவர்மெண்ட் ஸ்கூல் ஆப்ல அட்டெண்டன்ஸ் போட சிக்னல் கிடைக்காம போனைத் தூக்கிட்டு வாட்டர் டேங்க் பக்கம் போவாங்க (இந்த ஆப் வேலையைக் குறைக்கும்னு சொன்னவங்க எங்க ஊருக்கு வரவே இல்ல போல).

எட்டாவது புள்ளைங்களுக்கு என்.எம்.எம்.எஸ். ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு சாயங்காலம் உக்கார வச்சு சொல்லிக் குடுப்பாங்க. பாஸாகி லிஸ்ட்ல வந்துட்டா ஒன்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் வருசத்துக்கு 12,000 ரூபா, கூலி வேலைக்குப் போற வீட்டுல அது சின்னக் காசா?

பொண்ணு எட்டு முடிச்சதும் போதும்னு சொன்ன ஒரு அப்பாகிட்ட திண்ணையிலயே உக்காந்துட்டாங்களாம், "அண்ணே, ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சா காலேஜ் போறப்ப புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், நீங்க இப்ப நிறுத்தினா அதுவும் போச்சு"ன்னு கணக்கு போட்டே மடக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு இப்ப நர்சிங் படிக்குது.

சனிக்கிழமை ஸ்கூல்ல விழா, பழைய ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் வந்துருங்க. சால்வை வேணாம்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க, அந்தக் காசுல டாய்லெட் மோட்டாரை ரிப்பேர் பண்ணணுமாம். குடுக்கறவங்க இன்பாக்ஸ் வாங்க.