கம்மாய்க்குள்ள ஒரு கயாக்

பல்லவன் எக்ஸ்பிரஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டுல உக்காந்திருந்த பெரியவர் எக்மோர்லேர்ந்து விழுப்புரம் வரைக்கும் என் பையவே பாத்துட்டு வந்தாரு. பெரிய பை, 15 கிலோ, மேல ஏத்தவும் முடியல கீழ தள்ளவும் முடியல, காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கடைசில கேட்டுட்டாரு, "என்ன தம்பி, டென்ட்டா?" இல்லீங்கய்யா, படகுன்னேன். கயாக்னு, துடுப்பு போடுற சின்னப் படகு. காத்தடிச்சா படகு, காத்த எறக்குனா பை. கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல. அப்பறம் ரொம்ப அக்கறையா, "காரைக்குடில ஏது தம்பி கடலு?"ன்னாரு.

நியாயமான கேள்விதான்.

நான் ஒரு ஆறு வருஷம் டல்லாஸ்ல குப்ப கொட்டுனேன், அங்க தொத்துன வியாதி இது. லார்ஜ்மவுத் பாஸ்னு ஒரு மீனு, பச்சையா இருக்கும், வாய் கண்ணத் தாண்டிப் போகும், அத பிடிக்கிறதுக்கு மட்டும் லட்சக்கணக்குல செலவு பண்ற ஆளுங்க அங்க உண்டு. ஒன்ற மணி நேரத் தூரத்துல லேக் ஃபோர்க்னு ஒரு ஏரி, 27 ஆயிரம் ஏக்கர், அணை கட்டும்போது மரத்தையெல்லாம் முழுசா வெட்டாம தண்ணிய விட்டதால இன்னும் மொட்ட மொட்டயா நிக்கும், அந்த மரத்துக்கு நடுவுலதான் பாஸ் ஒளிஞ்சுருக்கும். 1992ல அங்க பிடிச்ச 18.18 பவுண்டு மீன்தான் இன்னிக்கும் டெக்சாஸ் ரெக்கார்டு. அந்த ஏரில 16 இஞ்சுக்கும் 24 இஞ்சுக்கும் நடுவுல இருக்க பாஸ அளந்து பாத்து திருப்பி விட்டுறணும், வீட்டுக்குக் கொண்டாரக் கூடாது. இதெல்லாம் எங்க அப்பத்தாகிட்ட ஃபோன்ல சொன்னப்ப, "திங்காத மீன எதுக்குய்யா பிடிக்கணும், அதுக்கு வாய் வலிக்காதா?"ன்னு கேட்டாக. அதுக்கும் எங்கிட்ட பதில் இல்ல.

ஊருக்குத் திரும்பி வந்தப்பறம் பாஸ் ஏது. ஆனா நம்மகிட்ட விரால் இருக்கே. பாஸும் விராலும் சொந்தம் கெடையாது, ஆனா குணம் ஒன்னு. ரெண்டும் செடி மறைவுல பதுங்கிக்கிட்டு மேல போற தவளைய அடிக்கும். பாஸ் ஆளுங்க இலைக்கு மேல இழுக்கறதுக்குன்னு செஞ்ச ரப்பர் தவள, உள்ள காத்து இருக்கும், முள்ளு ரெண்டும் முதுகோட ஒட்டி மேல பாத்துருக்கும், செடில மாட்டாது, அதே தவளைக்கு நம்ம விராலும் பைத்தியம். இதுல ஒரு தமாஷ் என்னன்னா விராலோட பங்காளி ஒன்னு 2002ல மேரிலாண்ட்ல க்ராஃப்டன்ங்கற ஊர்க் குளத்துல ஆப்பிட்டுச்சு, யாரோ உயிரோட வாங்கிட்டு வந்து விட்டுட்டாங்க, அமெரிக்காவே அலறிருச்சு, குளத்துல மருந்து ஊத்தி மொத்த மீனையும் கொன்னாங்க, அந்த வருஷமே விரால் சாதி எதையும் உயிரோட நாட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு தடை. இங்க மாப்ள வந்தா விரால் கொழம்பு, அங்க அது வில்லன்.

ஊர் பேரச் சொல்ல மாட்டேன். காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவுல எங்கிட்டோன்னு வச்சுக்கங்க, சொன்னா அடுத்த ஞாயித்துக்கெழம கரையில பத்து பேரு தூண்டி ராடோட நிப்பீங்க, எனக்குத் தெரியும்.

நெனச்ச ஒடனே எறங்கிற முடியாது, அது முக்கியம். கம்மாய்ல மீன்பாசி ஏலம்னு ஒன்னு உண்டு, ஏலம் எடுத்தவர்தான் குஞ்சு விடுவாரு, வலை போடுவாரு, மத்தவன் எறங்குனா சண்டதான். எங்க கம்மாய எடுத்திருந்தது ஒரு வகைல எனக்கு மாமா முறை. பொங்கல் முடிஞ்ச வாரம், வீட்டுக்குப் போயி காப்பிய குடிச்சிட்டு மெதுவா ஆரம்பிச்சேன். மாமா படகப் பத்தி கேட்டாரு, தவளையப் பத்தி கேட்டாரு, தவளைய கைல வாங்கி அமுக்கிப் பாத்து சிரிச்சாரு. அப்பறம் சொன்னாரு, "கட்லா ரோகு மாட்டுனா விட்ருங்க மாப்ள. வெரா எம்புட்டு வேணாலும் பிடிங்க, நான் விட்ட குஞ்ச பூராத்தையும் அந்தப் பயதான் திங்கிறான். ஆனா பிடிச்சதுல பாதி எனக்கு." டெக்சாஸ்ல லைசென்ஸ் வாங்க ஆன்லைன்ல கார்டு நம்பர் போட்டா போதும், இங்க ரெண்டு காப்பியும் பாதி மீனும். இதுதான் ஒழுங்கான முறைன்னு எனக்குத் தோணுது, யார் தண்ணின்னு தெரிஞ்சு எறங்குறோம்ல.

மறுநா விடியக்காலம் அஞ்சரைக்கு சித்தப்பாவோட எக்ஸ்எல்ல பைய முன்னாடி வச்சுக்கிட்டு போனேன். பனி. இந்த வருஷம் மார்கழி கடைசி வரைக்கும் மழ பேஞ்சதால கம்மாய் நெறஞ்சு கலுங்குல இன்னும் மறுகால் போயிட்டிருந்துச்சு. நம்ம பக்கம் ஆத்துத் தண்ணி கெடையாது, ஐப்பசி கார்த்திகைல பெய்றதுதான் தண்ணி, அதனாலதான் செட்டிநாட்டு வீட்டுல முத்தத்துல விழுற மழையக்கூட விடாம பிடிச்சு வச்சாங்க, மிச்சம் தெருவுல ஓடி ஊருணிக்குப் போகும். அப்பேர்ப்பட்ட ஊர்ல முழுக் கம்மாயப் பாக்குறதே ஒரு தனி சொகம்தான். கரையில நின்னு பம்ப்ப அடிச்சேன், ஒரு பத்து நிமிசம், அதுக்குள்ள ஆடு மேக்கிற அம்மா ஒருத்தரு, பால்காரரு, ஸ்கூல் படிக்கிற பயலுக மூனு பேருன்னு கூட்டம் சேந்துருச்சு. படகு உப்பி ஆரஞ்சு கலர்ல நின்னதும் ஒரு பய கைதட்டுனான்.

எறங்குனதும் நெசமா நல்லாத்தான் இருந்துச்சு. சத்தமே கெடையாது, துடுப்புலேர்ந்து சொட்டுற தண்ணிதான். கரைலேர்ந்து தூண்டி போடுறவன் எட்டவே முடியாத நடு அல்லிக்காட்டுக்கு நான் போயிட்டேன், பெரிய மனுசன் மாதிரி. அங்கதான் கருவேல மரமெல்லாம் தண்ணிக்குள்ள தலைய மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கும். லேக் ஃபோர்க் ஞாபகம் வந்துருச்சு எனக்கு. மொட்ட மரம், செடி, நெழல், இங்கன கட்டாயம் இருக்கும்னு ஒட்டிப் போனேன். ஒரு விசயத்த மறந்துட்டேன், அங்க நான் ஒட்டிப் போன மொட்ட மரத்துல முள்ளு கெடையாது.

புஸ்ஸ்ஸுன்னுதான் கேட்டுச்சு. மொதல்ல பாம்புன்னு நெனச்சு காலத் தூக்கிட்டேன். வலது பக்கம் சாஞ்சுருச்சு, ராட ஒரு கைல பிடிச்சுக்கிட்டு துடுப்ப ஒரு கைல பிடிச்சுக்கிட்டு நான் போடுற ஆட்டத்தப் பாத்து கரையே சிரிக்குது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், நீச்சலும் தெரியும், இருந்தாலும் பக்குனு ஆயிருச்சு, நடுத்தண்ணில கவுந்தா என்ன பண்றதுன்னு யோசிக்கும்போதே அந்த ஆடு மேக்கிற அம்மா கத்துறாங்க, "எறங்கி நடங்க தம்பீ, அங்கிட்டு இடுப்பளவுதான்!" எறங்குனேன். இடுப்பளவுதான். முழங்கால் வரைக்கும் சேறு அது தனி. கம்மாய் கரைப்பக்கமும் மடைப்பக்கமும்தான் ஆழம், உள்ள போகப்போக தட்டு மாதிரி இருக்கும், சின்ன வயசுல அங்கயே குளிச்சு வளந்தவனுக்கு இது தெரிஞ்சிருக்கணும். படக நாய்க்குட்டி மாதிரி கயித்தக் கட்டி இழுத்துக்கிட்டு கரைக்கு வந்தேன்.

பஞ்சர் கடைல குடுத்தது அடுத்த தப்பு. அண்ணன் ரொம்ப நல்ல மனுசன், லாரி டியூபுக்கு ஒட்டுற மாதிரி தேச்சு சொல்யூஷன் போட்டு ஒட்டிக் குடுத்து காசு கூட வேணாம்னுட்டாரு, ஆனா இது ரப்பர் இல்ல, பிவிசி, அந்தப் பசை இதுல நிக்காது, சாயங்காலமே உரிஞ்சு வந்துருச்சு. அப்பறம் பைல கூடவே வந்த பிவிசி பசையத் தேடி எடுத்து ஒட்டி ஒரு ராத்திரி முழுக்க அம்மிக்கல்ல மேல ஏத்தி வச்சேன். அது நின்னுச்சு.

ரெண்டாவது நாள் சித்தப்பா பையன் நானும் வர்றேன்னு கரையில வந்து உக்காந்துட்டான், ஏழாப்பு படிக்கிறான். நான் வழக்கம்போல பாஸுக்கு போடுற மாதிரி வீசிக்கிட்டே இருந்தேன், அங்க ஒன்னு இங்க ஒன்னுன்னு, ஒரு மணி நேரத்துல நூறு தடவ வீசிருப்பேன். அவன் கரைலேர்ந்து, "அண்ணே, சும்மா அடிச்சா எப்பிடி வரும், மூச்ச பாருங்கண்ணே"ன்னான். என்ன மூச்சு? அப்பத்தான் வெளங்குச்சு. விரால் செவுள்ல மட்டும் மூச்சு விடுற மீன் இல்ல, மேல வந்து காத்தக் குடிச்சே ஆகணும், அதனாலதான் சந்தைல அண்டாவுல ரெண்டு விரக்கடத் தண்ணில உசுரோட நெளியுது, கம்மாய் வத்துனா சேத்துக்குள்ள புதைஞ்சுகூட கெடக்கும். அந்தக் காத்துக்கு மேல வரும்போது இலைக்கு நடுவுல ளொக்குனு ஒரு சின்ன சத்தம், ஒரு வளையம். அவ்வளவுதான் அடையாளம். மீன் எங்க இருக்குன்னு காட்ட எத்தனையோ மீட்டரு, சோனாரு எல்லாம் விக்கிறாங்க, இங்க மீனே வந்து நான் இங்க இருக்கேன்னு சொல்லிட்டுப் போகுது, நான்தான் வீசுற அவசரத்துல கேக்கல.

அதுக்கப்பறம் ராட மடில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்தேன். கொக்கு நிக்கிற மாதிரி. கயாக்கோட அருமை அப்பத்தான் தெரிஞ்சுது, அது அசையாம நின்னா தண்ணிக்கு நீ இருக்கறதே தெரியாது. கா மணி நேரம் கழிச்சு இடது பக்கம் ளொக். வளையத்துக்கு ஒரு பாகம் தள்ளி தவளையப் போட்டு, நிறுத்தி, ஒரு சொடுக்கு, நிறுத்தி, இன்னொரு சொடுக்கு. அல்லி இலை தூக்கிருச்சு, பட்டாசு மாதிரி அடி, நான் ஒடனே இழுத்தேன், தவள பறந்து வந்து என் தொப்பில அடிச்சுச்சு. "பொறுங்கண்ணே, முழுங்கட்டும்"னு கரைலேர்ந்து சத்தம். பாஸ் தண்ணியோட சேத்து ஒரே உறிஞ்சா உறிஞ்சிரும், விரால் பல்லால கவ்விட்டு அப்பறம்தான் உள்ள வாங்கும், அந்த ரெண்டு செகண்டு கைய அடக்குறது இருக்கே, அதுதான் வித்த. மூனாவது அடில அடக்குனேன். மனசுக்குள்ள அப்பத்தா பேரச் சொல்லிட்டு இழுத்தேன். கனம். படகே மீன் பக்கம் திரும்புது, செடிக்குள்ள சொருகப் பாக்குது, நூலு தடிமனா 50 பவுண்டு தாங்குறது போட்டிருந்ததால பொழச்சேன். தூக்கி மடில போட்டப்ப ஒன்னேகா கிலோ தேறும், கருப்பு முதுகு, வழவழன்னு, ஒரு துள்ளு துள்ளி கிட்டத்தட்ட திரும்ப தண்ணிக்கே போயிருக்கும், ரெண்டு காலயும் சேத்து அமுக்கிட்டேன். கரையில அவன் ஆடுன ஆட்டம் நான் ஆடுனதவிட ஜாஸ்தி.

அன்னிக்கு ரெண்டு கெடச்சுது. ஒன்னு மாமாவுக்கு.

நடுவுல ஒரு நாள் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி போயிட்டு வந்தேன், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977லேர்ந்து இருக்கு. அதுவும் கம்மாய்தான், மீனும் இருக்கும்தான், ஆனா அங்க ராட எடுத்துட்டுப் போனா மனுசனே இல்ல. பறவ மெரளும்னு தீவாளிக்கு வெடி போடாத ஊரு அது. நத்தைக்குத்தி நாரை கூட்டம் கூட்டமா கருவேல மரத்து மேல. என் படகக் குத்துன அதே முள்ளுல அதுங்க கூடு கட்டி குடும்பம் நடத்துது.

கடைசி நாளுதான் கொஞ்சம் சிக்கல். மடைக்குப் பக்கம் தண்ணி மேல செவப்பா ஒரு தட்டளவுக்கு கொதிக்கிற மாதிரி கொப்பளிச்சுது. விரால் குஞ்சு, நூத்துக்கணக்குல, ஒன்னா சேந்து மூச்சுக்கு வருதுங்க. கீழ அப்பனும் ஆத்தாளும் காவல் இருக்கும், அந்தக் கூட்டத்துக்குள்ள தவளையப் போட்டா பசியே இல்லாட்டியும் கோவத்துல அடிக்கும், கண்ண மூடிக்கிட்டு பிடிக்கலாம். பெரிய மீனா வேற இருக்கும். பாஸும் முட்டையக் காவல் காக்கும்போது இப்பிடித்தான் அடிக்கும், அங்க பிடிச்சு போட்டோ எடுத்துட்டு ஒடனே விட்டா திரும்ப காவலுக்குப் போயிரும்ங்குற நம்பிக்கை. இங்க பாதி மாமாவுக்கு, பாதி கொழம்புக்கு, எதத் திருப்பி விட? கைல ராட வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன், ஆசை இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். கடைசில தம்பிதான், "வேணாம்ணே, குஞ்சு பூராத்தையும் ஜிலேபி மீனு தின்னுரும்"னான். துடுப்பத் திருப்பிட்டேன். மாமாகிட்ட இத சொன்னப்ப அவருக்கு செம கோவம். அவரு கணக்குல அந்த நூறும் அவரு கட்லாவத் திங்கப் போற நூறு. அவரு சொல்றதும் சரிதானே.

அப்பத்தா விரால சாம்பல் போட்டு கல்லுல ஒரசி ஒரசி கழுவுனாக, அப்பத்தான் அந்த வழவழப்பு போகும். சின்ன வெங்காயம் முழுசு முழுசா, பூண்டு, புளி கொஞ்சம் தூக்கலா, மண்சட்டி. அன்னிக்கு வச்சத அன்னிக்குத் திங்கக் கூடாது, மறுநா காலைல இட்லிக்குத்தான்னு கண்டிசன். இட்லி வச்சுக்கிட்டே கேட்டாக, "அந்த ஓடம் என்ன வெல?" பாதிய கொறச்சுதான் சொன்னேன். அதுக்கே, "ஆத்தாடி, இந்தக் காசுக்கு வெராவ கல்யாணத்துக்கே வாங்கலாமேப்பு"ன்னாக.

திரும்பறப்ப அந்தப் பைய மறுபடியும் பல்லவன்ல காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டுப் போக தெம்பு இல்ல. ஊர்லயே வச்சுட்டேன். பெரியவங்க கூட இல்லாம எறங்கக் கூடாது, ஜாக்கெட்டு இல்லாம எறங்கவே கூடாதுன்னு தம்பிகிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் பம்ப்ப குடுத்தேன். வைகாசில தண்ணி வத்துனா கம்மாய் அழிப்பாங்க, ஊர் கூடி மீன் பிடிக்கிறதுதான் அது, வெள்ளத் துண்ட வீசுனதும் ஊரே மீன் அமுக்குற ஊத்தாக் கூடையோட எறங்கும், அப்ப வாங்கண்ணே, படகெல்லாம் வேணாம்னான்.

போன வாரம், மாசி வெயிலு நல்லா ஏறுன ஒரு நாள், அவன்கிட்டேர்ந்து வாட்சப்ல ஒரு போட்டோ வந்துச்சு. முத்தத்துல நடுவுல என் கயாக், நல்லா டைட்டா காத்தடிச்சு வச்சிருக்கு, அதுமேல பழைய வேட்டிய விரிச்சு வரிசையா கூழ்வத்தல். காக்கா வராம இருக்க ஒரு ஓரத்துல என் துடுப்ப நட்டு அதுல கருப்புத்துணி கட்டிருக்காக அப்பத்தா.