எந்த ஓ.எஸ். போட்டால் இது வராது?

2019-ம் வருடம், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. சென்னை லிங்கி செட்டி தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸ், ஏற்றுமதி இறக்குமதி சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் இடம், இரண்டாவது மாடி. கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் நான் படியேறும்போதே அக்காவின் குரல் கேட்டது.

“இன்னா தம்பி இது, சனிக்கிழம நல்லா மூடிட்டுத்தானே போனேன்?”

காசிமேட்டிலிருந்து வருகிறவர். அந்த ஆபீஸில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கணக்கு எழுதுகிறார். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலி திறந்துகொண்டது, ஆனால் கம்பெனிப் பட்டியல் காலியாக இருந்தது. டேட்டா ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தேன். ‘.900’ என்று முடிய வேண்டிய ஒவ்வொரு ஃபைலின் வாலிலும் ஒரு நீளமான எண், அதை ஒட்டி ஒரு மெயில் முகவரி. டெஸ்க்டாப்பில் புதிதாக ஒரு நோட்பேட் ஃபைல். ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் சாவி தருவோம், காலம் கடத்தினால் தொகை கூடும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டேன். தினமும் எடுக்கிறேன் என்றார் அக்கா. உண்மைதான், டி டிரைவில் எடுத்திருந்தார். சி போனால் டி-யில் இருக்கும் என்று பாரிமுனைப் பக்கம் எல்லோரும் நம்புவார்கள். இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பாகங்கள்தான் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லியதில்லை. நானும் சொல்லவில்லை. டி-யில் இருந்த பேக்கப் ஃபைல்களுக்கும் அதே வால் முளைத்திருந்தது.

எங்களைக் காப்பாற்றியது ஒரு பென் டிரைவ். ஆடிட்டருக்குக் கொடுக்க எடுத்த காப்பி, அக்காவின் மேஜை டிராயரில் ரப்பர் ஸ்டாம்புகளுக்கு நடுவே கிடந்தது. இருபத்து மூன்று நாள் பழையது. அந்த இருபத்து மூன்று நாள் கணக்கையும் வவுச்சர் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, நான்கு நாள் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து அக்கா மறுபடியும் ஏற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேதியும் தொகையும் வாசித்தேன்.

எப்படி உள்ளே வந்தார்கள் என்று விண்டோஸின் பதிவுகளில் தேடினேன். சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகு, வெளியிலிருந்தே சிஸ்டத்தை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஆயிரக்கணக்கில் தோல்வியடைந்த லாகின் முயற்சிகள், வரிசையாக. கடைசியில் ஒன்று மட்டும் வெற்றி. பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123-ம். ஓனர் மாலையில் திருவொற்றியூர் வீட்டிலிருந்து அன்றைய கணக்கைப் பார்க்க ஆசைப்பட்டார் என்பதற்காக, ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசலை, 3389 போர்ட்டை, திறந்து கொடுத்திருந்தார்கள். திறந்து கொடுத்தது நான்தான். இரண்டு வருடம் அந்தக் கதவு தெருவைப் பார்த்தபடி திறந்தே கிடந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் வயிற்றில் ஏதோ செய்கிறது.

ஓனர் என்னைத் திட்டவில்லை. டீ வரவழைத்துவிட்டு, கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை சாஃப்ட்வேரான ஓ.எஸ். பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, எந்த ஓ.எஸ். போட்டா இது வராது?”

2006-லிருந்து இந்தப் பக்கம் சர்வீஸ் பார்க்கிறேன். வீடு புது வண்ணாரப்பேட்டை, வேலை தம்பு செட்டி தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, மண்ணடி. அதுவரை என்னிடம் எது வேகமாக ஓடும், எதில் டேலி ஓடும், எது செலவில்லாமல் கிடைக்கும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எது பாதுகாப்பு என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் சார் என்று இறங்கி வந்துவிட்டேன்.

நான் தொழில் கற்றது விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில். பர்மா பஜாரில் சிடி வாங்குவோம், அதன் உறையிலேயே பால் பாயிண்ட் பேனாவால் கீ எழுதியிருக்கும். அப்புறம் விண்டோஸ் 7 வந்தது, லைசென்ஸ் இல்லாமலே அதை ஓட வைக்கும் கிராக் வந்தது. கிராக் போடுவதற்கான குறிப்பில் முதல் வரியே, ஆன்டிவைரஸை நிறுத்து. இரண்டாவது வரி, அப்டேட்டை நிறுத்து. ஊர் பேர் தெரியாத ஒருவன் எழுதிய புரோகிராமுக்கு அட்மின் அதிகாரம் கொடுத்து, காவலையும் நிறுத்திவிட்டு, அந்த சிஸ்டத்தில் ஒருவரை பாங்க் வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அப்படி எத்தனை சிஸ்டம் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. விண்டோஸ் பாதுகாப்பில்லை என்று நாங்கள் சலித்துக்கொண்டதில் பாதி, நாங்களே கையைக் கட்டிப்போட்ட விண்டோஸைப் பற்றியது.

2017 அதைக் காட்டிக்கொடுத்தது. மார்ச் 14-ம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டைக்கு பேட்ச், அதாவது அதை அடைக்கும் அப்டேட், கொடுத்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகவே பரவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னக்ரை வந்தது மே 12. நடுவில் முழுதாக எட்டு வாரம். அப்டேட்டை நிறுத்தி வைத்த சிஸ்டங்களுக்கு அந்த எட்டு வாரமும் இல்லாத மாதிரிதான். என் கையில் இருந்த ஆபீஸ்கள் தப்பியது அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

ஜூன் 27-ம் தேதி நாட்பெட்யா என்ற அடுத்த வைரஸ் வந்தபோது எங்கள் தெருக்களுக்கு அது செய்தியாக வரவில்லை, வேலையாகவே வந்தது. மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க விழுந்தன. மும்பையில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் டெர்மினலும் நின்றது. பிறகு 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் புதிதாக நிறுவியதாக அந்தக் கம்பெனியின் தலைவரே சொன்னார். அது பரவத் தொடங்கியது உக்ரைனில் எல்லோரும் கணக்கு வழக்குக்கு வைத்திருந்த ஒரு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக. நம் ஊரில் டேலி எப்படியோ, அங்கே அது அப்படி. பேட்ச் போட்ட சிஸ்டங்களும் விழுந்தன. ஒரு சிஸ்டத்தின் நினைவகத்தில் கிடக்கும் பாஸ்வேர்டை எடுத்து அடுத்த சிஸ்டத்துக்குள் நுழையும் வித்தை அதற்குத் தெரிந்திருந்தது. யார் எந்த சிஸ்டத்துக்குள் நுழையலாம் என்ற விவரத்தை வைத்திருக்கும் சர்வர்களை டொமைன் கன்ட்ரோலர் என்பார்கள். மெர்ஸ்க்கின் டொமைன் கன்ட்ரோலர்களில் ஒன்றே ஒன்று, கானா நாட்டில் இருந்தது, பிழைத்தது. அந்த நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்ததால் அது நெட்வொர்க்கில் இல்லை.

இதை ஓனரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப ஒயரைப் பிடுங்கி வச்சதுதான் பொழச்சுது” என்றார். அன்று மாலையே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கினோம்.

அவர் கேள்விக்கு நான் பதில் தேடிய இடம் வேறு. ஒரு நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் அந்த ஆபீஸில் உட்கார்ந்து, ஒன்பது சிஸ்டங்களிலும் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். ஷிப்பிங் பில் பார்க்கும் பையனின் மெயிலில் அன்று மதியத்துக்குள் அறுபதுக்கும் மேல் இணைப்புகள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான பி.எல். காப்பி. அனுப்புகிறவர்களில் பாதிப் பேரை அவனுக்குத் தெரியாது. திருப்பூரில் ஒரு புது ஏற்றுமதியாளர், சீனாவில் ஒரு சப்ளையர், அவருடைய ஏஜென்ட். தெரியாத ஆள் அனுப்பும் இணைப்பைத் திறக்காதீர்கள் என்று பாதுகாப்பு வகுப்புகளில் சொல்வார்கள். கிளியரிங் ஆபீஸில் தெரியாத ஆள் அனுப்புவதைத் திறப்பதற்குத்தான் சம்பளமே. அந்தப் பையனிடம் ஜாக்கிரதையாக இரு என்று சொல்வது, மீன் வெட்டுகிறவரிடம் கையில் ஈரம் படாமல் பார்த்துக்கொள் என்று சொல்வது மாதிரி.

அவன் மேஜைக்கு ஓ.எஸ். எது என்பது உண்மையிலேயே பெரிய விஷயம். விண்டோஸ் நாமாக மாற்றாத வரை ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மறைத்தே வைத்திருக்கும். ‘பேக்கிங் லிஸ்ட் பிடிஎஃப்’ என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே ஓடக்கூடிய புரோகிராமாக இருக்கலாம். இரண்டு தட்டு தட்டினால் ஓடிவிடும். அதையே லினக்ஸ் என்ற, செலவில்லாமல் கிடைக்கும் இன்னொரு ஓ.எஸ்.ஸில் தட்டினால் ஓடாது, அது விண்டோஸுக்காகச் செய்தது. லினக்ஸுக்காகவே செய்து அனுப்பினாலும், இறக்கிய ஃபைலுக்கு ஓடும் அனுமதியை நாமாகக் கொடுத்தால்தான் உண்டு. லினக்ஸில் ஓட்டை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்தத் தெருவில் வந்து விழுகிற கல் எல்லாம் விண்டோஸைக் குறி பார்த்து எறிந்தவை, அதனால் அந்த மேஜையை நகர்த்தி வைத்தேன்.

மெயிலும் பிரவுசரும் மட்டும் தேவைப்பட்ட நான்கு சிஸ்டங்களுக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் போட்டேன். டேலி விண்டோஸுக்கானது, அதனால் அக்காவின் சிஸ்டமும் இன்னொன்றும் விண்டோஸிலேயே இருந்தன, ஆனால் அங்கே மெயில் கிடையாது. கஸ்டம்ஸுக்கு ஃபைல் செய்யும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனுக்குத் தனியாக ஒரு விண்டோஸ். மாலையில் டோக்கனைக் கழற்றி ஓனர் லாக்கரில் வைத்துவிட வேண்டும். தினசரி வேலைக்கு எல்லோருக்கும் சாதாரண அக்கௌண்ட், அட்மின் பாஸ்வேர்டு ஒரு தாளில் அதே லாக்கருக்குள். ஓனரின் மகன் எல்லாவற்றையும் மேக் ஆக்கிவிடலாம் என்றார். நல்ல மெஷின்தான், ஆனால் டேலிக்காக அதற்குள் மறுபடி ஒரு விண்டோஸ் வைக்க வேண்டும் என்றதும் விட்டுவிட்டார்.

3389-ஐ மூடினேன். ஓனருக்குத் தேவைப்பட்டது அன்றைய கணக்கு மட்டும்தான். அக்கா இரவு ஏழு மணிக்கு டே புக்கை பிடிஎஃப் ஆக்கி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார். இதை இரண்டு வருடம் முன்பே கேட்டிருந்தால் அந்தப் போர்ட்டே திறந்திருக்காது.

மின்ட் போட்ட மேஜைகளில் ஒன்று ஒரு பெரியவருடையது. லாரிக்காரர்களுக்கும் யார்டுக்கும் தமிழில் கடிதம் அடிப்பவர், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். முதல் நாளே, “தம்பி, எனக்குப் பழசையே குடுத்துடுங்க” என்றார். அவர் விரல்களுக்குத் தெரிந்தது தட்டச்சு மெஷினின் விசைகள், அதில் அவர் கீபோர்டைப் பார்ப்பதே இல்லை. லினக்ஸில் தமிழ்99 என்ற கீபோர்டு முறை தொடக்கத்திலேயே கிடைத்தது, பழைய டைப்ரைட்டர் முறையைத் தேடிப் பிடித்து அமைக்க ஒரு மதியம் ஆனது. அமைத்துவிட்டு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். உட்கார்ந்தார், ஜன்னலைப் பார்த்தபடியே ‘ஐயா, வணக்கம்’ என்று அடித்தார். திரையைப் பார்த்தார். “சரி, இருக்கட்டும்” என்றார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் இரண்டு நாள் உயிரை வாங்கியது. அந்த இரண்டு நாளில் அவர் பழையதைக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். ஒருவரின் கை ஓடாத சிஸ்டத்தைப் பாதுகாப்பு என்று சொல்லி அவர் தலையில் கட்டினால், அவர் வேலையை முடிக்க ஏதாவது ஒரு குறுக்கு வழி தேடிக்கொள்வார், அது இன்னும் ஆபத்து.

இதற்கெல்லாம் பிறகு நான் ஒரு லினக்ஸ் பிரசாரகன் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 2015-ல் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு, பென் டிரைவ் வழியாக வரும் ஷார்ட்கட் வைரஸின் தொல்லை தாங்காமல், உபுண்டு 14.04 என்ற லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். தொல்லை நின்றது, நான் அந்தப் பக்கமே போகவில்லை. 2022-ல் பாங்க் சைட் திறக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் நான் போட்ட நாளிலிருந்து ஒரு அப்டேட் கூட ஏறவில்லை. அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2019 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. மூன்று வருடம் ஆதரவே இல்லாத சிஸ்டத்தில், லினக்ஸ் இருக்கிறது, பயமில்லை என்று ஊரார் ஆதார் கார்டையெல்லாம் ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். கடைக்காரர் மீது தப்பில்லை. போட்டால் போதும் என்று அவருக்குச் சொன்னவன் நான்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் வெளிவந்தபோது இன்னொன்று புரிந்தது. லினக்ஸ்கள் பலவற்றில் இருக்கும் ஒரு சின்ன சுருக்கும் கருவி. அதைத் தனியாகப் பராமரித்தவரிடம் வருடக்கணக்கில் நல்ல பேர் எடுத்து, ஒருவர் உள்ளே ஒரு கள்ளக் கதவு வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர், தூரத்து சிஸ்டத்துக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று தோண்டிப் பார்த்ததில் பிடிபட்டது. புதியதை முந்திக்கொண்டு எடுக்கும் லினக்ஸ்களில்தான் அது ஏறியிருந்தது, நிதானமாக நகரும் நீண்டகாலப் பதிப்புகளுக்கு வந்து சேரவில்லை. அதனால் ஆபீஸ்களுக்கு அந்த நிதானமான பதிப்புகளைத்தான் போடுகிறேன். அப்டேட் தினமும் ஏற வேண்டும், புதுப் பதிப்புக்கு அவசரம் வேண்டாம்.

2025 அக்டோபர் நெருங்கும்போது அதே ஆபீஸிலிருந்து அழைப்பு. அந்த அக்டோபர் 14-டன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிவதாக இருந்தது. அக்காவின் சிஸ்டம் ஆறாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11 அதை ஏற்காது. சோதனையை ஏமாற்றி ஏற்றும் வழி எனக்குத் தெரியும். பழைய நான் அதைத்தான் செய்திருப்பேன். கம்பெனிகளுக்கு முதல் வருடம் ஒரு சிஸ்டத்துக்கு 61 டாலர் கட்டினால் பேட்ச் வரும், அடுத்த வருடம் அது இரட்டிப்பாகும் என்ற கணக்கையும் ஓனர் முன்னால் வைத்தேன். டேலிக்குப் புது மெஷின் ஒன்று, ஒழுங்கான லைசென்ஸோடு வாங்கிவிடலாம் என்றார். கூடவே இருந்த இன்னொரு பழையதை மின்ட் ஆக்கினேன்.

புது சிஸ்டத்தை அமைத்து முடித்தது ஒரு சனிக்கிழமை மாலை. நான் கிளம்பும்போது அக்கா கையை நீட்டி நிறுத்தினார். “இரு தம்பி, போர்ட்டு எல்லாம் மூடிக்கீதான்னு ஒரு தடவ பார்த்துட்டுப் போ.” உட்கார்ந்து ரூட்டரைத் திறந்து காட்டினேன். பட்டியல் காலியாக இருந்தது. அவர் பேக்கப் முடிந்த டிஸ்க்கைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.